காற்றுக்கு வளையும் பயிர்

ஒரு வீட்டில் துயரம் நிகழ்ந்துவிட்டால் நாம் அங்கே போகிறோம். சற்று நேரம் அமர்கிறோம். எழுந்து வரும்போது, "ஸப்ரு செய்யுங்கள், அல்லாஹ் நாடியது நடந்தது" என்று சொல்லிவிட்டு வருகிறோம். சொல்ல வேண்டிய சொல்தான், சத்தியமான சொல்தான். ஆனால் காசு கைமாறிக் கைமாறித் தேய்வதைப் போல, இந்தச் சொல்லும் வாய்க்கு வாய் மாறித் தேய்ந்து போயிருக்கிறது. சொல்பவருக்கு அதன் கனம் தெரிவதில்லை. கேட்பவரின் நெஞ்சில் அது இறங்குவதுமில்லை.

துயரத்தில் இருப்பவர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழவே செய்கிறது. "ஸப்ரு செய் என்கிறார்களே, அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்? அழாமல் இருக்க வேண்டுமா? நடந்ததை நல்லது என்று சொல்ல வேண்டுமா? இழந்ததை மீட்க முயலாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா?" இந்தக் கேள்வியில் குற்றம் எதுவுமில்லை. இதற்கு விடை சொல்லாமல் வெறும் சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு வருவதுதான் குற்றம்.

பெரிய பெரிய கிதாபுகளில் இதற்கு விளக்கம் இருக்கிறது. எனினும், எழுத்தறியாத தாயும் புரிந்துகொள்ளும் ஒரு கிதாபை அல்லாஹு தஆலா நம் வீட்டு வாசலுக்கு வெளியே விரித்து வைத்திருக்கிறான். அதிலிருந்து சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்போம்.

தென்னந்தோப்பின் கேள்வி

உடுமலைப்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தென்னை வெறும் மரமன்று. ஒரு குடும்பத்தின் அடுப்பெரிவதும், மகளின் நிக்காஹ் நடப்பதும், மகன் கல்லூரிக்குப் போவதும் தோப்பின் காய்ப்பைப் பொறுத்தே அமைந்த காலம் உண்டு. அந்தத் தென்னைக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனை வந்தது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. ஆழ்துளைக் கிணறுகள் வற்றின, தோப்புகள் கருகின. அதே காலத்தில் வெள்ளை ஈ வந்து ஓலைகளின் மேல் கரும்பூசணத்தைப் படியச் செய்தது. பின்னர், கேரளத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்ட வேர் வாடல் நோய் பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை வட்டாரங்களிலும் பரவியது.

இந்த நோய் மரத்தை ஒரே நாளில் கொன்றுவிடுவதில்லை. ஓலை மஞ்சளாகிறது, கீற்றுகள் விலா எலும்பைப் போல உள்நோக்கி வளைகின்றன, காய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. நோயை முற்றிலும் போக்கும் மருந்து இதுவரை கிடைக்கவில்லை. நோய் முற்றிய மரத்தை வெட்டி அகற்றத்தான் வேண்டும். தாம் நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தைத் தாமே ஆள் வைத்து வெட்டச் சொல்லும் மனிதரின் மனம் எப்படியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அவரிடம் போய், "நஸீபு, ஸப்ரு செய்யுங்கள்" என்கிறோம். அவர் என்ன செய்ய வேண்டும்? மரத்தை அப்படியே விட்டுவிடுவதா? வெட்டுவதா? மறுபடி நடுவதா? எதைச் செய்தால் ஸப்ரு? தோப்பின் இந்தக் கேள்வியேதான் நோயாளியின் கேள்வியும், கடனாளியின் கேள்வியும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கேள்வியும் ஆகும்.

பார்க்கச் சொன்னவன்

திருமறையைத் திறந்தால், பார்க்கும்படி அல்லாஹ் நம்மை மீண்டும் மீண்டும் அழைப்பதைக் காணலாம். ஸூரத்துல் காஷியாவில் ஒட்டகத்தையும், உயர்த்தப்பட்ட வானத்தையும், நாட்டப்பட்ட மலைகளையும், விரிக்கப்பட்ட பூமியையும் பார்க்கமாட்டார்களா என்று கேட்கிறான். ஸூரத்து இப்ராஹீமில் நல்ல சொல்லை, வேர் ஊன்றிக் கிளை வானளாவிய நல்ல மரத்துக்கு உவமையாக்குகிறான்.

இப்படிப் பார்த்துப் பெறும் படிப்பினையை அரபியில் 'இப்ரத்' என்பார்கள். கடந்து செல்வதைக் குறிக்கும் மூலத்திலிருந்து பிறந்த சொல் அது. ஆற்றின் ஒரு கரையில் நின்று நீரை ரசித்துவிட்டுத் திரும்புவது இப்ரத் ஆகாது. மறுகரைக்குப் போய்ச் சேர வேண்டும். கண் கண்ட பொருளிலிருந்து காணாத உண்மைக்கு நெஞ்சு கடந்து போவதே இப்ரத். மலையழகைப் பார்த்து 'ஸுப்ஹானல்லாஹ்' சொல்வது நல்லதுதான். அந்த மலை நமக்கு என்ன சொல்கிறது என்று கேட்பது அதனினும் நல்லது.

ஆடிக் காற்று

நம் பகுதியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பாய்ந்து வருகிறது. உடுமலையிலிருந்து பல்லடம் வரை காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் இதனால்தான். அம்மியும் பறக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்ன ஆடிக் காற்றில் சோளக்காட்டுப் பக்கம் போய்ச் சற்று நின்று பாருங்கள். இளம்பயிர் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. தரையைத் தொட்டுவிடுமோ என்று தோன்றுகிறது. காற்று ஓய்ந்ததும் எழுந்து நிற்கிறது. மறுபடி காற்று, மறுபடி சாய்வு, மறுபடி எழுச்சி.

பெருமானார் (ஸல்) அவர்கள் முஃமினுக்கு உவமை கூறியபோது இந்த இளம்பயிரைத்தான் எடுத்தார்கள். காற்று அதைச் சாய்க்கிறது, பிறகு நிமிர்த்துகிறது. முஃமினும் சோதனைகளால் அவ்வாறே சாய்க்கப்படுகிறான் என்று விளக்கினார்கள். சத்தியத்தை ஏற்காதவனுக்கோ, விறைத்து நின்று ஒரேயடியாக வேரோடு சாயும் மரத்தை உவமையாக்கினார்கள். கஅப் இப்னு மாலிக் (ரலி), அபூஹுரைரா (ரலி) ஆகியோர் அறிவித்த இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முஃமின் அசையாத பாறையைப் போன்றவன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் இந்த உவமையில் சொல்லவில்லை. அவன் அசைகிறான்; சாய்கிறான்; சில வேளை தரையளவு தாழ்ந்தும் போகிறான். ஆகவே துயரத்தில் ஒருவர் தளர்ந்துவிட்டால் அவருடைய ஈமான் போய்விட்டது என்று யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சாய்வது பயிரின் குறையன்று. சாய்ந்தும் வேரை விடாதிருப்பதே பயிரின் சிறப்பு.

காற்று பயிரைச் சாய்ப்பதோடு நின்றுவிடுவதுமில்லை. காற்றில் அசைந்து வளரும் செடியின் தண்டு, காற்றே படாமல் வளரும் செடியின் தண்டைவிடக் குட்டையாகவும் தடித்தும் உறுதியாகவும் அமைகிறது என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நம் விவசாயிகள் இதை வேறு வகையில் அறிவார்கள். நிழல்வலைக்குள் வளர்த்த தக்காளி நாற்றையும் மிளகாய் நாற்றையும் நேரே கொண்டுபோய்க் காட்டில் நடுவதில்லை. சில நாள் தண்ணீரைக் குறைத்து, வெயிலைக் காட்டி, நாற்றைப் பழக்கிய பிறகே நடுகிறார்கள். அந்தச் சில நாட்களில் நாற்று வாடியிருக்கும். வளர்ப்பவனுக்கு நாற்றின்மேல் இரக்கமில்லை என்று அதற்குப் பொருளா? நட வேண்டிய இடம் எது என்பது அவனுக்குத் தெரியும், நாற்றுக்குத் தெரியாது என்பதே பொருள்.

வேரும் கற்றாழையும்

தாராபுரம், காங்கேயம், மூலனூர்ப் பக்கம் போனவர்கள் கொரங்காட்டைப் பார்த்திருப்பார்கள். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். தலைமுறை தலைமுறையாகக் கால்நடைகள் மேய்ந்துவரும் புல்வெளி அது. கோடையில் பார்த்தால் அங்கே உயிர் இருப்பதாகவே தெரியாது. கிளுவை இலையை உதிர்த்து வெறும் குச்சியாக நிற்கும். புல் காய்ந்து சருகாகிக் கிடக்கும். புதிதாகப் பார்ப்பவர், "பாழ் நிலம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்நிலத்துக்காரர் அப்படிச் சொல்லமாட்டார். மண்ணுக்குக் கீழே புல்லின் அடிக்கட்டையும் வேரும் உயிரோடிருப்பதை அவர் அறிவார். நல்ல மழை ஒன்று விழுந்தால் சில நாட்களில் காடு பச்சை பூண்டுவிடும். காய்ந்து ஒடுங்கிக் கிடக்கும் பூமி, மழை இறங்கியதும் அசைந்து செழிப்பதை ஸூரா ஃபுஸ்ஸிலத்தில் அல்லாஹ் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக எடுத்துக் காட்டுகிறான். பூமியை உயிர்ப்பித்தவன் இறந்தோரையும் உயிர்ப்பிப்பான் என்று நினைவூட்டுகிறான்.

இலையுதிர்த்த கிளுவை தோற்றுவிடவில்லை. நீர் இல்லாத காலத்தில் இலையை வைத்திருந்தால் இருக்கும் ஈரமும் போய்விடும்; எனவே விடவேண்டியதை விட்டுவிட்டு, காக்க வேண்டியதைக் காத்துக்கொள்கிறது. முஸீபத்து வரும்போது நாமும் சிலவற்றை விடவேண்டியிருக்கும். பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்குப் போக நேரலாம். பத்துப் பேருக்கு முன்னால் இருந்த மதிப்பு குறையலாம். இவை இலைகள். ஐவேளைத் தொழுகை, ஹலாலான உணவு, உறவுகளைப் பேணுதல், அல்லாஹ்வின்மீது நல்லெண்ணம் ஆகியவை வேர். இலையைக் காக்க வேரை விற்பவர்கள் உண்டு. கௌரவம் குறையக்கூடாதென்று வட்டிக்கு வாங்கி விருந்து வைப்பவர் அதைத்தான் செய்கிறார்.

அரபி மொழியில் 'ஸப்ரு' என்ற சொல்லுக்குத் தடுத்து நிறுத்துதல், கட்டுப்படுத்துதல் என்பது அடிப்படைப் பொருள். அதே ஸாத், பா, ரா என்ற மூன்று எழுத்துக்களிலிருந்து 'ஸபிர்' என்ற இன்னொரு சொல்லும் வருகிறது. கற்றாழைக்கும் அதன் கசப்பான சாற்றுக்கும் அது பெயர். வேலியோரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளரும் கற்றாழையை ஒடித்துப் பாருங்கள். வெளியே வறட்சி, உள்ளே குளிர்ச்சியான ஈரம். மழை பெய்த நாளில் சேர்த்து வைத்ததை அது வெயில் நாளில் உண்டு வாழ்கிறது.

இதில் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. ஸப்ரு, முஸீபத்து வந்த அன்று கடையில் வாங்கும் சரக்கன்று. நலமாயிருந்த நாட்களில் சேர்த்து வைத்ததைத்தான் அன்று எடுத்துச் செலவழிக்க முடியும். ஸூரத்துல் ஹதீதில், உழவனை மகிழ்வித்த பயிர் மஞ்சளித்துச் சருகாவதை இவ்வுலக வாழ்வுக்கு உவமையாகச் சொன்ன அல்லாஹ், சில வசனங்களுக்குள்ளேயே, நேரும் துன்பம் எதுவும் முன்பே எழுதப்பட்டிருப்பதை அறிவிக்கிறான். எதற்காக அறிவித்தான் என்பதையும் கூறுகிறான்: தவறிப்போனதற்காக நாம் துவண்டுவிடாதிருக்கவும், கிடைத்ததற்காகச் செருக்குக் கொள்ளாதிருக்கவும். கிடைத்தபோது செருக்கடையாதவனுக்குத்தான் இழந்தபோது துவளாமல் இருக்க முடியும்.

மலையின் இரு பக்கங்கள்

இனி, "விதி என்று உட்கார்ந்துவிடுவதா?" என்ற கேள்விக்கு வருவோம்.

ஹிஜ்ரி 18ஐ ஒட்டிய காலம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் புறப்பட்டு 'ஸர்க்' என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. முஹாஜிர்களையும் அன்ஸார்களையும் குறைஷிப் பெரியவர்களையும் கலந்து ஆலோசித்து, திரும்பிவிடுவதென முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதியை நோக்கியே செல்கிறோம் என்னும் கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். பின் ஓர் உவமையும் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கு, அதன் ஒரு பக்கம் செழிப்பு, மறு பக்கம் வறட்சி. ஒட்டகத்தைச் செழிப்பில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படிதான். வறட்சியில் மேய்த்தாலும் அவன் விதிப்படிதான்.

இந்த உவமையைப் புரிந்துகொள்ள உடுமலைக்காரருக்கு உரைநூல் தேவையில்லை. தெற்கே நிமிர்ந்து பார்த்தால் போதும். ஆனைமலைத் தொடரின் மேற்கு முகத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிறது. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. அதே மலையின் கிழக்கே நாம் மழை மறைவில் இருக்கிறோம். அமராவதி அணையைத் தாண்டிச் சின்னாறு வழியாக மூணாறு செல்லும் சாலையில் போனால், முள்மரக் காட்டில் தொடங்கிப் பச்சைப் புல்வெளியில் போய் முடிவதைச் சில மணி நேரத்தில் கண்ணால் காணலாம். ஒரே மேகம், ஒரே மலை, ஒரு பக்கம் செழிப்பு, மறு பக்கம் வறட்சி. இது அல்லாஹ்வின் ஏற்பாடு.

நம் முன்னோர் இந்த ஏற்பாட்டை வைது கொண்டிருக்கவுமில்லை. வறட்சியே தலையெழுத்து என்று படுத்துவிடவுமில்லை. மேற்கு நோக்கி ஓடிய ஆறுகளின் நீரை அணைகளில் தேக்கி, மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்துக் கிழக்கே கொண்டுவரும் திட்டம் காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் உருப்பெற்றது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் என்ற அதற்குத் தமிழ்நாடும் கேரளமும் 1970இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. சமமட்டக் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணைக்கு வரும் அந்நீர்தான் இன்று கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 3.77 லட்சம் ஏக்கருக்கான பாசன நீர். ஆனாலும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க நீர் போதாது. எனவே நிலம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, முறைவைத்துத் தண்ணீர் விடப்படுகிறது. ஒரு மண்டலத்துக்கு மறுமுறை வர இரண்டு ஆண்டு ஆகிறது.

பாருங்கள், இதிலே இரண்டும் இருக்கின்றன. மலையைக் குடைந்தது முயற்சி. முறை வரும்வரை காத்திருப்பது பொறுமை. முயற்சி செய்தவன் விதியை மறுத்தவனாகிவிடவில்லை. காத்திருப்பவன் முயற்சியைக் கைவிட்டவனாகிவிடவுமில்லை. யஃகூப் (அலை) அவர்கள் தம் அருமை மகன் யூஸுஃபை (அலை) இழந்தபோது அழகிய பொறுமையை மேற்கொண்டார்கள். அதே நபியவர்கள்தாம் பல ஆண்டுகள் கழித்தும், போய் யூஸுஃபைத் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று தம் மக்களை அனுப்பினார்கள்.

ஆகவே தோப்புக்காரர் நோய் முற்றிய மரத்தை வெட்டுவதும் ஸப்ருதான். வேளாண்மை அலுவலரிடம் போய் யோசனை கேட்பதும் ஸப்ருதான். நோயாளி வைத்தியம் பார்ப்பது ஸப்ரு. கடனாளி கணக்கெழுதித் தவணை கேட்பது ஸப்ரு. கையால் செய்யக்கூடியதைச் செய்துவிட்டு, கைக்கு எட்டாததை அல்லாஹ்விடம் விட்டுவிடுவதே தவக்குல். செய்தும் கைகூடாதபோது, "என் ரப்பு என்னைக் கைவிட்டுவிட்டான்" என்று நெஞ்சு சொல்லாதிருப்பது ரிளா.

மரமும் அழுதது

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு ஒருவர், "மரத்தைப் பார், செடியைப் பார், அவை அழுகின்றனவா?" என்று துயரப்படுபவரைக் கேட்கக் கூடும். அது பெரிய தவறு. படைப்பைப் பார்க்கச் சொன்ன மார்க்கம், படைப்பைக் கொண்டு அடுத்தவரை அடிக்கச் சொல்லவில்லை.

முதலாவது, இழந்தது எல்லாமே திரும்ப வந்துவிடும் என்று படைப்பு வாக்களிக்கவில்லை. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது, டெல்டாப் பகுதியில் தலைமுறைகள் வளர்த்த தென்னைகள் ஓரிரவில் விழுந்தன. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் போன்ற நம் சமுதாயத்தார் நிறைந்த ஊர்களும் அந்த அடியைத் தாங்கின. வளையத் தெரிந்த மரங்களும் அன்று விழுந்தன. விழுந்தவை பிறகு எழவில்லை. அதைப் பார்த்து, "என்ன பாவம் செய்தார்களோ!" என்று பேசுபவர்கள் இருந்தால் அவர்கள் நாவைக் காத்துக்கொள்ளட்டும். மனிதர்களில் கடுமையாகச் சோதிக்கப்படுபவர்கள் நபிமார்கள். பிறகு அவர்களை அடுத்துச் சிறந்தவர்கள் என்பது ஹதீஸில் வந்துள்ள செய்தி. துன்பம் வந்தது ஒருவருடைய தரக்குறைவுக்குச் சான்றாகாது.

இரண்டாவது, மரம் வேறு, மனிதன் வேறு. வானமும் பூமியும் மலைகளும் ஏற்க அஞ்சிய அமானிதத்தை மனிதன் சுமந்தான் என்று ஸூரத்துல் அஹ்ஸாப் கூறுகிறது. பயிர் தானாக வளைகிறது. அதற்கு வேறு வழியில்லை. மனிதனுக்கு முறுக்கிக்கொள்ளவும் முடியும், முறையிடவும் முடியும். அதனால்தான் அவன் பொறுத்தால் அதற்குக் கூலி இருக்கிறது. வலியே இல்லாத இடத்தில் பொறுமைக்கு என்ன பொருள்?

மூன்றாவது, மரம் அழவில்லை என்று யார் சொன்னது? மதீனாவின் மஸ்ஜிதில் ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்கட்டையருகே நின்றே நாயகம் (ஸல்) அவர்கள் குத்பா ஓதி வந்தார்கள். பின்னர் அவர்களுக்காக மிம்பர் செய்யப்பட்டு, அதில் ஏறியபோது, பிரிவைத் தாளாமல் அந்த மரக்கட்டை தேம்பியழுத ஓசையைப் பள்ளியில் இருந்தவர்கள் கேட்டார்கள். ஜாபிர் (ரலி) முதலானோர் அறிவித்துப் புகாரியில் பதிவான செய்தி இது. பெருமானார் (ஸல்) அவர்கள் அப்போது என்ன செய்தார்கள்? "பொறுமையாயிரு" என்று மிம்பரிலிருந்தபடியே கட்டளையிடவில்லை. இறங்கி வந்து, அதை அணைத்து ஆறுதலளித்தார்கள். அது அமைதியடைந்தது.

அந்த நபிதான் தம் குழந்தை இப்ராஹீம் மடியில் உயிர் பிரிந்தபோது கண்ணீர் விட்டார்கள். கண் அழுகிறது, நெஞ்சு நோகிறது, ஆனால் ரப்பு பொருந்தாத எதையும் நாவு சொல்லாது என்பதே அவர்கள் கற்பித்த எல்லை. யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்தன. மர்யம் (அலை) அவர்கள் பேற்றுவலியில் பேரீச்ச மரத்தடியில், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று வாய்விட்டுச் சொன்னார்கள். அல்லாஹ் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. காலடியில் நீரூற்று இருப்பதைக் காட்டினான், மரத்தைப் பிடித்து உலுக்கச் சொன்னான், கனி உதிர்ந்தது. வலியில் துடிக்கும் பெண் உலுக்கி எவ்வளவு பெரிய மரம் அசையும்? இருந்தும் அவ்வளவு முயற்சியை அவன் கேட்டான். மிச்சத்தைத் தானே செய்தான்.

ஆறுதலின் ஒழுக்கம்

ஆகவே துயர வீட்டுக்குப் போகிறவர்கள் சிலவற்றை மனத்தில் கொள்வது நல்லது.

முதலில் கை, பிறகு வாய். மூத்தா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அக்குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படியே நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். துயரத்தில் மூழ்கிய வீட்டாரே வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போடும் நிலையை நாம் உண்டாக்கிவிடக் கூடாது. வாடிய பயிருக்குத் தண்ணீரைப் பற்றிய பேச்சு உதவாது, தண்ணீர்தான் உதவும்.

அடுத்து, அவர்களைப் பேச விடுவோம். கப்றருகே அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அல்லாஹ்வை அஞ்சிப் பொறுமை கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, அவர்கள் யாரென அறியாமல், எனக்கு நேர்ந்தது உமக்கு நேரவில்லை என்று அப்பெண் கடுத்துச் சொல்லிவிட்டார். நபியவர்கள் கோபிக்கவில்லை, விலகிச் சென்றார்கள். பிறகு உண்மை தெரிந்து அவரே தேடி வந்தபோதுதான், ஸப்ரு என்பது துயரத்தின் முதல் அடியிலேயே மேற்கொள்ள வேண்டியது என்று உணர்த்தினார்கள். நம்மிடம் யாராவது அப்படிக் கடுத்துப் பேசினால் நாம் என்ன செய்கிறோம்?

துயரத்தில் இருப்பவர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. முதல் அடி விழும்போது 'இன்னாலில்லாஹ்' என்ற சொல்லை நாவு பிடித்துக்கொள்ளட்டும். அது வேர். பிறகு கண்ணீர் வந்தால் வரட்டும். நாட்கள் சில சென்றதும், பஜ்ருத் தொழுகைக்குப் பின் வீட்டுக்குள் முடங்கிவிடாமல் சிறிது தூரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். தாய்மார்கள் கொல்லையில் உள்ள முருங்கையையோ தொட்டிச் செடியையோ சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். வெட்டிய முருங்கைக் கிளையில் துளிர் விடுவதைப் பாருங்கள். அது உங்கள் துயரத்தைச் சிறிதாக்கிவிடாது. ஆனால் உங்கள் துயரத்தைவிடப் பெரிய ஒருவனின் வேலை இடைவிடாமல் நடந்துகொண்டிருப்பதைக் காட்டும்.

நடும் கை

மறுமை நாள் வந்துவிடும் வேளையிலும் ஒருவர் கையில் நாற்று இருந்தால், முடியுமானால் அதை நட்டுவிடட்டும் என்ற நபிமொழியை அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அறிகிறோம். அந்த நாற்று வளரப் போவதில்லை, காய்க்கப் போவதுமில்லை. இருந்தும் நடு என்கிறார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். பலன் நம் பொறுப்பன்று. நடுவதே நம் பொறுப்பு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

வேர் வாடல் நோய்க்கு எதிர்ப்புள்ள தென்னையைத் தேடியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கேரளத்தின் காயங்குளம் ஆராய்ச்சி நிலையத்தார், நோயே இல்லாத ஊரில் அதைத் தேடவில்லை. நோய் கடுமையாகப் பரவிய தோப்புகளின் நடுவே, சுற்றிலும் மரங்கள் நலிந்திருக்க, நலிவில்லாமல் காய்த்து நின்ற மரங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவற்றைக் கொண்டே கல்பரக்ஷா, கல்பஸ்ரீ போன்ற ரகங்கள் உருவாயின. நாளைய தோப்புக்கு விதை, நோயின் நடுவே நின்ற மரத்திலிருந்துதான் கிடைத்தது.

நம் ஊரில், நம் உறவில், பெரும் துயரத்தைத் தாங்கி நின்ற ஒரு பெரியம்மாவோ பாட்டனாரோ இருப்பார்கள். பிள்ளைகளை அவர்களிடம் உட்கார வையுங்கள். அவர்கள் எப்படிப் பொறுத்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு குடும்பம் தன் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லக்கூடிய நல்ல விதை அது.

தோப்பை இழந்தவர் இன்று நடும் தென்னங்கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை அவர் உயிரோடிருப்பாரா என்பது அவருக்குத் தெரியாது. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதக்கா என்பதை மட்டும் அவர் அறிவார். அழுத கண்ணோடு குழி தோண்டுகிறார்; பிஸ்மில்லாஹ் சொல்லிக் கன்றை வைக்கிறார்; மண்ணைத் தள்ளி மிதிக்கிறார். ஸப்ரு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவருக்கு விடை அந்தக் கைகளில் இருக்கிறது.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் தாங்க முடியாத சோதனைகளை விட்டும் காத்தருள்வானாக! சோதனை வரும்போது வேரை விடாத ஈமானையும், பிறர் துயரில் இறங்கிச் சென்று அணைக்கும் இரக்கத்தையும், அவன் நாட்டத்தைப் பொருந்திக்கொள்ளும் நெஞ்சையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.